மேற்படியாள் என்னும் பெயரை எழுதிக் கொடுத்தவள்

பாப்பா,

மேடையில் நீ சூட்டிக்கொண்ட பெயரைச் சொல்லி உன்னை அழைக்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன். எவ்வாறு இழந்தேன் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர் உனக்குப் பிடிக்காது. ஆகவே வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றுதான் மிச்சம். இருபது வயது முடிந்தவளைப் பாப்பா என்று விளிப்பது உனக்கு எரிச்சலூட்டும் என்பதை அறிவேன். பொறுத்துக்கொள், இதைவிடக் கசப்பானவை பின்னால் வரவிருக்கின்றன. உறையை நான் ஒட்டவில்லை. லாஸ்பேட்டையில் நீ தங்கியிருக்கும் வீட்டுத் தோழியும் உன்னோடு பாடுகிறவர்களும் உன் வக்கீலும் யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். என்னைப் பற்றி நீ ஊரறியப் பேசினாய். நானும் ஊரறியவே எழுதுகிறேன். அச்சிட வேண்டுமென்றாலும் அச்சிட்டுக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை நீ வக்கீல் அலுவலகத்தில் ஒரு மனுவில் கையெழுத்திடப் போகிறாய். "மேற்படியாள்" என்ற பெயரை இனி நீ மேடையிலோ குறுந்தகட்டிலோ பயன்படுத்தக் கூடாது என்று சென்னைப் படக் கம்பெனி அனுப்பிய நோட்டீசுக்கு எதிரான மனு அது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அடுத்த மாதம் பாரிஸ் மேடையும் இல்லை. அழைப்பு அந்தப் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. உன் வக்கீல் நம்பியிருப்பது ஒரே ஒரு காரணத்தை: நீ மைனராக இருந்தபோது உன் சார்பில் அந்தக் கம்பெனியின் சம்மதத் தாளில் கையெழுத்திட்ட தாய் எழுதப் படிக்கத் தெரியாதவள், காட்டிய இடத்தில் புரியாமல் கையெழுத்துப் போட்டாள் என்பது. அவ்வாறே நான் பிரமாண வாக்குமூலம் தரவேண்டும் என்று கேட்டாய். மறுத்தேன். என் கௌரவத்துக்காக மறுத்தேன் என்று எண்ணிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாய். பன்னிரண்டு நாட்களாக உன்னை அப்படியே எண்ணும்படி விட்டுவைத்திருந்தேன். உண்மை வேறு. அந்தத் தாளில் நான் கையெழுத்து மட்டும் போடவில்லை, பாப்பா. அந்தத் தாளையே எழுதியவள் நான்.

எழுத்து எனக்கு எப்படி வந்தது என்பதை நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, பீற்றிக்கொள்வதாக ஆகிவிடும் என்று அஞ்சினேன். முதலியார்பேட்டையில் மில் தொழிலாளிக்கு நான்காவது பெண்ணாகப் பிறந்தவள் எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பது அந்நாளில் வீண்செலவு. பத்திர எழுத்தர் ஒருவரின் அறையைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே குப்பைக்கூடையில் கிடக்கும் பழைய கார்பன் தாள்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளைக் கீறல்களாகத் தெரியும். ஒரே தாளில் நான்கு பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். ஒருவரின் கிணறும் இன்னொருவரின் விவாகரத்தும் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்துப் பிரித்து வாசித்தே தமிழ் கற்றேன். "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்" என்ற வரியை முதன்முதலாக வாசித்த அன்று, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது அது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு நானே ஒரு மேசையும் பழைய தட்டச்சு இயந்திரமும் வாங்கித் தாலுகா அலுவலகத்தின் எதிரே உட்கார்ந்தபோது, அந்த வரிசையில் நான் ஒருத்தி மட்டுமே பெண். "எட்டாவது படிச்சவ கிட்ட மனு எழுதுனா எட்டு வருசம் ஆவும்" என்று பக்கத்து மேசைக்காரர் வருகிறவர்களிடம் சொல்வார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய வாடிக்கைக்காரர்கள் என் மேசைக்கு வந்தார்கள். என் மனுவில் பிழை என்று எந்த அதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை. எனக்கு இருந்த ஒரே சொத்து அது.

பள்ளி விட்டதும் நீ அந்த மேசைக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்வாய். உனக்குப் பத்து வயதிருக்கும்போது வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி வந்தாள். மார்க்கெட் குத்தகைக்காரனின் ஆள் அவளுடைய கூடையை உதைத்துத் தள்ளியிருந்தான். ஈரப் புடவையோடு, உட்காரக்கூடச் செய்யாமல், மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"எழுதும்மா. கூடைய எட்டி ஒதச்சான்னு எழுது. அம்புட்டு சங்கரா மீனும் ரோட்டுல செதறிப் போச்சுன்னு எழுது. நான் குனிஞ்சி குனிஞ்சி பொறுக்குறேன், அவன் நின்னுக்கினு சிரிக்கிறான். சிரிச்சான்னு எழுதும்மா. மத்தது எதுனா வுட்டாலும் வுடு, அத வுட்றாத."

நான் தட்டச்சு செய்தேன்: "மேற்படி நபரின் செய்கையால் மனுதாரரின் விற்பனைப் பொருட்களுக்குச் சேதம் ஏற்பட்டதுடன், மேற்படியாள் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானார்."

"சிரிச்சான்னு எழுதிட்டியா?" என்றாள்.

"எல்லாம் எழுதியாச்சு" என்றேன்.

மேசைக்கடியிலிருந்து உன் குரல் வந்தது. "இல்லக்கா. அம்மா அத எழுதல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் காலால் உன்னை இடித்தேன். "கொழந்தைக்கு என்னா தெரியும், இதெல்லாம் ஆபீசு பாஷை" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நீ கேட்டுக்கொண்டே வந்தாய்: "மேற்படியாள்னா யாரும்மா?" மனுவில் ஒரு தடவை பெயரைச் சொன்ன பிறகு திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, ஆணாக இருந்தால் மேற்படியான், பெண்ணாக இருந்தால் மேற்படியாள் என்று விளக்கினேன். "அப்ப அந்த அக்காவுக்குப் பேரே இல்லியா?" என்றாய். அதிகப்பிரசங்கி என்று தலையில் குட்டினேன். அந்தக் குட்டுதான் பின்னாளில் பாட்டாக வெளிவந்தது. நேர்காணல்களில் இந்தச் சொல்லை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் "தெருவுல கேட்டது" என்கிறாயே, பாப்பா. தெருவா நான்?

உன் பாட்டை நான் ஏற்கவில்லை என்பதும் உண்மை. நம் பின்வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஆண்டுக்கொரு முறை விடுமுறைக்கு வரும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பத்துப் பெண் உனக்குக் கொடுத்துவிட்டுப் போன குறுந்தகடுகளை நீ போட்டுக் கேட்பாய். ஒரு சொல் கூடப் புரியாத பிரெஞ்சில் யாரோ சண்டை போடுவது போல் இருக்கும். உனக்கும் புரியாது; ஆனால் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே சொல்லை ஒடிக்கிறார்கள் என்று மேசையில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாய். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் இருபது ஆண்டு தகரம் அடித்து முக்கால் செவிடான உன் அப்பா, ஒலிபெருக்கியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "நல்லா அடிக்குது" என்பார். எனக்கோ அவமானமாக இருந்தது. உனக்குப் பதினேழு வயதில் கடற்கரைச் சாலை விழாவில் நீ முதல் தடவை மேடை ஏறுவதற்கு முன்பாக, உன் நோட்டை எடுத்துச் சிவப்பு மசியால் திருத்தி வைத்தேன். "ஒதச்சான்" என்பதை "உதைத்தான்" ஆக்கினேன். "செதறுச்சு" என்பதைச் "சிதறியது" ஆக்கினேன். நீ அந்த நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய் மனத்திலிருந்து பாடினாய்.

கூடைய ஒதச்சான், எழுது
மீனு செதறுச்சு, எழுது
சேதம்னு எழுதாத, எழுதாத
சிரிச்சான்னு எழுது, எழுது
பேரு கேட்டா மேற்படியாள்
பேச வந்துட்டா மேற்படியாள்

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பக்கத்திலிருந்த ஒருவர், "யாரு பெத்த புள்ளப்பா இது, வாயா மிஷினா?" என்றார். நான் பெற்றது என்று சொல்லவில்லை. ஐந்து எழுத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டு அமர்ந்திருந்தேன். "சேதம்னு எழுதாத" என்ற வரி எனக்கு எழுதப்பட்டது என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த விழாவில் யாரோ கைப்பேசியில் பிடித்ததைக் கேட்டுத்தான் சென்னையிலிருந்து இசையமைப்பாளர் உன்னை அழைத்தார். போய்ப் பாடிப் பதிவு செய்துவிட்டு வந்தாய். அடுத்த வாரம், நீ கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கம்பெனி மேனேஜர் நம் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். இதுவரை உன்னிடம் மறைத்த பகுதி இதுதான். நிதானமாக வாசி.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. பொண்ணு மைனர் இல்லையா, கார்டியன் ஒரு கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்" என்று தட்டச்சு செய்த ஒரு படிவத்தை நீட்டினார். எட்டு வரி. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஐந்தாவது வரி இப்படி இருந்தது: "பாடல் வறிகளில் மாற்றம் செய்வதாயின் பாடகியின் ஒப்புதள் பெறப்படும்."

உன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வரி அது. என் கண்ணில் பட்டதோ ஒரு "றி"யும் ஒரு "ள்"ளும்.

"ஒப்புதள்னு போட்டிருக்கீங்க. இது என்ன, மாடிக்குத் தளம் போடுற காகிதமா?" என்றேன்.

அவர் சிரித்தார். "டைப் அடிச்சவரு அவசரத்துல அடிச்சிருப்பாரும்மா. கண்டுக்காதீங்க."

"பிழையான தமிழுக்குக் கீழ என் கையெழுத்து விழாது."

"அப்ப நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார். சலித்துப்போய்ச் சொன்னாரா, ஆளை எடைபோட்டுச் சொன்னாரா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து போய் வெள்ளைத்தாள் எடுத்தேன். அடியில் கார்பன் வைத்தேன். தட்டச்சு கூட வேண்டாம், கையெழுத்தின் அழகையும் பார்க்கட்டும் என்று பேனாவால் எழுதினேன்:

"என் இளவயது மகள் பாடிய மேற்படி பாடலையும், அதிற்கண்ட சொற்களையும், மேற்படியாள் என்னும் அடையாளப் பெயரையும் தாங்கள் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும், திருத்தவும், கூட்டவும், குறைக்கவும் முழு உரிமை உண்டென்றும், இதில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு ஆட்சேபணையும் இல்லையென்றும், நல்ல நினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதிக் கொடுத்த சம்மதப் பத்திரம்."

யாரும் கேட்கவில்லை, பாப்பா. பாட்டுக்கு மட்டும் அனுமதி கேட்டு வந்தவருக்கு உன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வாக்கியம் அங்கே ஒரு மூன்றாம் உறுப்பைக் கேட்டது; அதற்காகச் சேர்த்தேன். நில விற்பனைப் பத்திரத்தில் மரம், கிணறு, பாதை என்று அடுக்குவதைப் போல அடுக்கினேன். "வாரிசுகளுக்கும்" என்று எழுதுகையில் எனக்கு இருக்கும் ஒரே வாரிசு நீ என்பதைக் கூட நினைக்கவில்லை. சந்தத்துக்காக எழுதினேன்.

மேனேஜர் இரண்டு தடவை வாசித்தார். "எங்க வக்கீலு கூட இப்பிடி எழுதமாட்டாரும்மா. எவ்ளோ படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"நம்பவே முடியல" என்று சொல்லி, தாளைப் பூவைப் போல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த படிவத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்று நீ பரீட்சை முடிந்து வந்தபோது கேசரி கிளறி வைத்திருந்தேன். "கணக்குக்கு எதுக்கும்மா கேசரி?" என்று கேட்டாய். "காகிதத்துல கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். அவர்கள் காகிதம் என்று நீ எண்ணினாய், நான் திருத்தவில்லை. பிறர் பேச்சில் ஒற்றெழுத்து விட்டுப்போனால் கூடத் திருத்துகிறவள், அந்த ஒன்றை மட்டும் திருத்தாமல் விட்டேன்.

பிறகு நடந்ததை நீ அறிவாய். படம் வந்தது. உன் பாட்டில் ஒரு வரியும் இல்லை. கூடை இல்லை, மீன் இல்லை, சிரித்தவன் இல்லை. "மேற்படியாள்" என்று நீ கூவியதிலிருந்து "யாள்" என்பதை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, நடுவில் ஓர் ஆண் குரலைப் புகுத்தினார்கள். ஆண்கள் தங்களுக்குள் கண்ணடித்துக்கொண்டு "மேற்படி சமாச்சாரம்" என்பார்களே, அந்தப் பொருளில். அந்தச் சொல்லில் பெண் இருந்த இடம் அந்த "யாள்" மட்டுமே. சரியாக அதை வெட்டினார்கள். அந்த ஆண் பாடிய வரிகளை நான் இங்கே எழுத மாட்டேன். ஒருநாள் முதியவர் ஒருவருக்குக் குடும்ப அட்டை மனு எழுதிக்கொண்டிருந்தேன். "மேற்படி முகவரியில்" என்று தட்டும் அதே நேரத்தில் யாருடைய கைப்பேசியிலோ உன் குரல் அலறியது: "மேற்படி! மேற்படி!" அலுவலக வாசலில் நின்ற ப்யூன், "என்னாம்மா, ஒம்பொண்ணு கூப்புடுது, போய் என்னான்னு கேளு" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது. நான் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். குனிந்திருக்கையில் ஒருவன் நின்றுகொண்டு சிரிப்பது எப்படியிருக்கும் என்பதை அன்று கற்றேன். அந்த மீன்காரப் பெண் எதை எழுதச் சொன்னாள் என்பதையும். அன்று முதல் எந்த மனுவிலும் "மேற்படி" என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. "மேற்கண்ட" என்று எழுதிச் சமாளிக்கிறேன்.

காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்கு உன்னை அழைத்திருந்தார்களே, உனக்குத் தெரியாமல் நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ மேடைக்கு வந்ததும் நானூறு ஆண்பிள்ளைகள் ஒரே குரலில் "மேற்படி" என்று கத்தினார்கள். நீ ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவந்தாய். பிறகு, "தலைய வச்சிக்கினு வால அறுத்துட்டாங்க. முழுசா சொல்லட்டா? கேக்குறதுக்கு தெம்பு இருக்குதா?" என்றாய். ஒருவன், "மொதல்ல ஆடு, அப்பறம் பேசு" என்றான். "நீ மேல வா, ரெண்டு பேரும் ஆடலாம். எனக்கு வாயி ஆடும், ஒனக்கு என்னா ஆடும்?" என்றாய். அவனுடைய நண்பர்களே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பழைய பாட்டை, என் சிவப்பு மசி படாத பாட்டை, முழுவதும் பாடினாய். முதல் பாதி வரை கூச்சல். அதன்பின் கூச்சல் இல்லை. "சேதம்னு எழுதாத" என்று நீ சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்னதாகவே தோன்றியது. முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒதச்சான்னு மேடையில சொல்லாத, உதைத்தான்னு சொல்லு." பெருமையாக இருந்தது என்று சொல்ல வந்தேன். வாய் இதைத்தான் சொல்லிற்று.

அந்தக் கல்லூரிப் பதிவுதான் கை மாறிக் கை மாறித் தொலைக்காட்சி வரைக்கும் போய் உன்னை வளர்த்தது. படப்பாட்டு உன்னை வளர்க்கவில்லை. நீயாகத் தோழிகளைச் சேர்த்தாய். நீயாகக் குறுந்தகடு போட்டாய். மில் மூடிய கதை, அரியாங்குப்பம் பாலத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் கதை என்று நான் "சேதம்" என்று எழுதியவற்றையெல்லாம் அவரவர் வாய்மொழியில் பாடினாய். பெண் பிள்ளைகள் உன்னிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இவை அனைத்தையும் உன் உழைப்பில் பெற்றாய். என் கையெழுத்தால் பெற்றது அந்த நோட்டீஸ் ஒன்றே.

பத்திரிகையில் உன் பேட்டி வந்தபோது டீக்கடைக்காரர்தான் வாசித்துக் காட்டினார். "எங்க அம்மா படிக்காதவங்க. போடச் சொன்ன எடத்துல கையெழுத்துப் போட்டாங்க." அவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஏம்மா, நீயா படிக்காதவ? எம் பட்டா மனுவே நீ எழுதுனதுதான" என்றார். நான் டீயைக் குடிக்காமல் வந்தேன். என்னைக் காப்பாற்றுவதாக எண்ணியே நீ அப்படிச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். உன் பார்வையில் நான் ஏமாற்றப்பட்ட பேதை. அந்தப் பேதைமைக்கு உன் மன்னிப்பும் கிடைத்திருந்தது. எனக்கு உரிமையில்லாத மன்னிப்பு அது. வாங்கி வைத்துக்கொண்டேன், கூடவே, என்னைப் படிக்காதவள் என்றாளே என்று உன்மேல் கோபமும் வளர்த்தேன். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடிந்தது. மனிதருக்கு அது ஒன்றும் கடினமில்லை.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் நீ வந்து கேட்டாய். "ஒரே ஒரு வரிம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது, புரியாமப் போட்டுட்டேன்னு. எம் பேரு எனக்குத் திரும்ப வந்துடும்."

"எனக்கா படிக்கத் தெரியாது? இந்த ஊருல பாதி மனு எங் கையெழுத்துல இருக்குது."

"பாத்தியா? ஊருக்கெல்லாம் எழுதுவ. எனக்குன்னு வந்தா ஒனக்குக் கௌரவம் கொறஞ்சிடும்."

அறையின் மூலையிலிருந்து உன் அப்பா, "என்னா, கொழம்பு கொறஞ்சிடுச்சா?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். நீ பையை எடுத்தாய். "போறேன்" என்றாய். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை: "போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு." நீ திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். திங்கட்கிழமை நான் படிக்கத் தெரியாதவள் என்று நீ சொன்னால், அவர்கள் நான் கைப்பட எழுதிய தாளை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டுவார்கள். ஓர் ஒற்றும் பிசகாத தாள். எவரும் என்னைத் தூண்டவில்லை என்று நானே எழுதிய தாள். அங்கே நீ பொய் சொன்னவள் ஆவாய். பெயரோடு உன் வாக்கும் போய்விடும். வாக்கு ஒன்றை வைத்துத்தானே பிழைக்கிறாய். ஆகவே அந்த மனுவில் கையெழுத்திடாதே. இத்துடன் இரண்டு தாள்களை வைத்திருக்கிறேன். ஒன்று, நான் எழுதியதன் கார்பன் நகல். மற்றொன்று, மேனேஜர் விட்டுச்சென்ற படிவம். "ஒப்புதள்" என்பதைச் சுற்றி நான் போட்ட சிவப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. அவர்களே முதலில் உன் ஒப்புதலைப் பெறுவதாகத்தான் எழுதிக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகுமா என்று வக்கீலிடம் கேள். ஆகலாம், ஆகாமலும் போகலாம். திங்கட்கிழமை காலை நானும் அங்கே வருவேன். நடந்ததை நடந்தபடி, வாசலில் நின்ற கார் முதல் கிளறிய கேசரி வரை, சொல்லிக் கையெழுத்திடுவேன். இந்த முறை அழகாகச் சொல்ல முயலமாட்டேன். பாரிசிலும் உன்முன் தாள்கள் நீட்டப்படும். எந்த மொழியில் இருந்தாலும், நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காதே. உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடு. உனக்குப் புத்தி சொல்ல எனக்குள்ள தகுதி இவ்வளவே.

மன்னிப்புக் கோரும் மனுக்கள் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். "தாயுள்ளத்தோடு மன்னித்தருள" என்று முடிப்பேன். தாயே கேட்கும்போது எப்படி முடிப்பது என்பதற்கு என்னிடம் வாசகம் இல்லை. ஆகவே கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுகளாக எழுதாமல் வைத்திருந்த சொல்லை எடுத்து, இன்னொரு பத்திரம் எழுதித் தருகிறேன். இதற்கு நகல் இல்லை. அடியில் கார்பன் வைக்கவில்லை.

மேற்படி கடிதத்தை நீ பாட்டாக்கிக்கொள்ளலாம். திருத்தவும், கூட்டவும், குறைக்கவும் உனக்கு உரிமை உண்டு. நான் "கௌரவம்" என்று எழுதிய இடத்தில் "திமிரு" என்று போட்டுக்கொள். நான் உன் தலையில் குட்டினேன் என்று எழுது. என் எழுத்தை மேனேஜர் புகழ்ந்தபோது நான் சிரித்தேன். கூடையை உதைத்தவனைப் பாடியது போலவே, சிரிச்சான்னு எழுது, எங்கம்மா சிரிச்சான்னு எழுது. இலக்கணப்படி "சிரித்தாள்" என்று வரவேண்டும். விட்டுவிடு. இதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

இப்படிக்கு,
எழுதப் படிக்கத் தெரிந்த உன் அம்மா